நண்பருக்கு என்ன கூலி?

ஒரு சாமானின் விலை தெரியாவிட்டால் வியாபாரிக்குத் தூக்கம் வராது. அசல் விலை, வண்டிச்சத்தம், உடைசல், கடை வாடகை என்று கூட்டிக் கழித்து ஒரு தொகைக்கு வந்த பிறகே நமக்கு மனம் அமைதியடையும். அப்படிப்பட்ட நான் ஒரு காரியத்துக்கு விலை காண முடியாமல் மூன்று வாரங்கள் திண்டாடினேன். விஷயம் அற்பமானதாகத் தோன்றலாம். கோல்ஃப் ஆடக் கற்றுக் கொடுத்த சிநேகிதருக்கு என்ன கொடுப்பது என்பதே அது.

சிங்கப்பூரில் 1891லும் கோலாலம்பூரில் 1893லும் கோல்ஃப் சங்கங்கள் ஏற்பட்டபோது அது துரைமார்களின் ஆட்டம். இன்றோ ஒரு கூடை பந்துக்குப் பணம் கட்டினால் எவரும் நின்று அடித்துப் பழகக்கூடிய பயிற்சித் திடல்கள் பல இருக்கின்றன. நம்மவர்களில் இறக்குமதி செய்பவரும் உணவகம் நடத்துபவரும் ஞாயிறு காலையில் பையைத் தூக்கிக் கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். டாக்டர் நடக்கச் சொன்னார் என்பது அவர்கள் சொல்லும் காரணம். என் காரணமும் அதுதான். என் பெரிய வாடிக்கைக்காரர்கள் அங்கேதான் பேசுகிறார்கள் என்பதையும் மறைப்பானேன்?

எனக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் இருவர். இருவருமே சான்றிதழ் பெற்ற பயிற்றாளர்கள் அல்லர். முதலாமவர் தோட்டத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே ஆட்டக்காரர்களுக்குப் பைதூக்கும் கேடியாகப் போய், பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றவர். இன்று வேறு வேலை பார்க்கிறார். மாலையில் திடலுக்கு வருவார். மட்டையைப் பிடிக்கும் விதத்தை எனக்கு விரல் விரலாக வைத்துச் சொல்லித் தந்தவர் அவரே. இரண்டாமவர் என் இருபதாண்டு சிநேகிதர், மளிகைச் சரக்கு இறக்குமதியாளர். மணற்குழியிலிருந்து பந்தை எடுப்பதில் கெட்டிக்காரர், சங்கங்களுக்கிடையே நடக்கும் போட்டிகளில் ஆடுபவர்.

இந்த இரண்டாமவருக்குத்தான் நான் கணக்குப் போட்டேன். அத்திடலில் பயிற்றாளர் ஒருவர் ஒரு மணிக்கு வாங்கும் கட்டணத்தை விசாரித்து, பாதியைச் சிநேகித விலையாக வைத்து, பன்னிரண்டு வாரத்துக்குப் பெருக்கி, கவரில் போட்டு நீட்டினேன். அவர் சிரித்துக் கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

“என்ன பாய், என் ஆட்டத்தையே கெடுக்கப் பார்க்கிறீர்களா?” என்றார்.

அதன் பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஸ்காட்லாந்திலுள்ள ஆர். அண்ட் ஏ.யும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் சேர்ந்து வகுத்த அமெச்சூர் விதிகள் இருக்கின்றன. இப்போதுள்ளவை 2022 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தவை. சில விலக்குகள் நீங்கலாக, ஆட்டம் கற்றுக் கொடுத்ததற்குப் பணம் வாங்குகிறவர் அமெச்சூர் என்ற நிலையை இழந்து விடுவார். அமெச்சூர்களுக்குரிய போட்டிகளில் அவர் ஆட முடியாது. மீண்டும் அந்நிலையைப் பெற மனுச் செய்ய வேண்டும். நான் நன்றியென்று நினைத்து நீட்டியது அவருக்கு நஷ்டம்!

இந்த விதி பழைய நாளில் இன்னும் கடுமையாக இருந்தது. ஃப்ரான்ஸிஸ் வீமெட் என்ற அமெரிக்கர் கேடியாக இருந்து வளர்ந்தவர். 1913ல் அமெரிக்க ஓப்பன் பட்டத்தையே வென்றவர். அவர் விளையாட்டுச் சாமான் கடை வைத்தார் என்பதற்காக 1916ல் அவருடைய அமெச்சூர் நிலையைப் பறித்தார்கள்; 1918ல்தான் திரும்பக் கொடுத்தார்கள். கடை வைத்தது குற்றமாம்! நம் போன்றவர்கள் படித்தால் கோபம்தான் வரும்.

அப்படியானால் பணம் வாங்க முடியாத நண்பருக்கு என்னதான் செய்வது? அவரையே கேட்டேன். “போன வாரம் சொன்னதை வீட்டில் பழகிக் கொண்டு வாருங்கள். அதையே மறுபடியும் சொல்ல வைக்காதீர்கள்” என்றார். யோசித்துப் பார்த்தால் இது லேசான கட்டணமல்ல. தினம் இருபது நிமிடம் எனக்குச் செலவாகிறது. அவர் விடுமுறை நாளில் இரண்டு மணி நேரத்தை எனக்காக ஒதுக்கியவர். அந்த நேரம் வீணாகக் கூடாதென்று கேட்கிறார், அவ்வளவே.

என்னுடைய சிநேகித விலையை நினைத்துத்தான் வெட்கப்பட்டேன். நம் கடைக்குத் தெரிந்தவர் வந்து, “நமக்குள் என்ன, அசலுக்கே போடுங்கள்” என்று சொல்லும்போது நம் வயிறு எப்படி எரிகிறது! லாபத்தைத்தானே விடச் சொல்கிறேன் என்று அவர் நினைக்கிறார். வாடகையும் ஆள் சம்பளமும் அவர் கண்ணில் படுவதில்லை. நாமாக விரும்பிக் குறைப்பது வேறு. சிநேகிதத்தைக் காட்டி அவர் குறைக்கச் சொல்வது வேறு. இது நன்றாகத் தெரிந்த நானே, மற்றவரைக் கேட்காமல் அவருடைய திறமைக்குப் பாதி விலை போட்டுக் கவரை ஒட்டினேன்.

நிற்க. அந்தக் கவரைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்தபோதுதான் முதலாமவர் நினைவு வந்தது.

இரண்டு மாதம் எனக்குக் கற்றுக் கொடுத்த அவருக்கு நான் கொடுத்தது தேத்தண்ணீரும் ரொட்டி சானாயும். கணக்கே போடவில்லை. வசதியுள்ளவருக்குக் கவரும், வசதியில்லாதவருக்குத் தேத்தண்ணீரும் எப்படி எனக்கு நியாயமாகத் தோன்றின? ஒருவர் எனக்குச் சமமானவர். அவருக்குக் கடன்பட்டவனாகத் தெரியக் கூடாதென்ற பயம் எனக்கு இருந்தது. மற்றவரிடம் அந்தப் பயம் இல்லை. அவரையும் நண்பரென்றுதான் பலரிடம் சொல்லிக் கொண்டேன். “அண்ணே” என்றுதான் கூப்பிட்டேன். அவரோ என்னை “முதலாளி” என்றார். அந்த ஒரு சொல்லைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் போதும்.

இதை ஓர் அன்பரிடம் சொன்னபோது, “அவர் கேட்கவில்லையே, பிரியத்தில் செய்ததற்குக் காசு நீட்டினால் அவமானமாக எடுத்துக் கொள்ள மாட்டாரா?” என்றார். காசு வாங்குவதில் அவமானம் இருக்கிறதென்ற நினைப்பே காசுள்ளவர்கள் கிளப்பிவிட்டது என்பது என் அபிப்பிராயம். 1920ல் இங்கிலாந்தில் டீல் என்ற ஊரில் ஓப்பன் போட்டி நடந்தபோது, வால்டர் ஹேகன் போன்ற பெரிய ஆட்டக்காரர் கூட, ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர் என்பதால் சங்கக் கட்டடத்துக்குள் உடை மாற்ற அனுமதிக்கப்படவில்லை. உழைப்புக்குக் கூலி வாங்குகிறவன் தாழ்ந்தவன் என்ற அந்தத் துரைத்தனம் கடைத்தெருவில் வளர்ந்த நமக்கு எதற்கு?

வேலைக்கு முன்பே கூலியைப் பேசிவிட வேண்டுமென்பது நாம் அறிந்ததே. ஆனால் யார் முதலில் வாய் திறப்பது? பணப்பை யாரிடம் இருக்கிறதோ அவர்தான். நாம் கேட்டு, அவர் வேண்டாமென்றால் அது அவருடைய கொடை. நாம் கேட்காமலேயே இருந்துவிட்டால், அவருடைய கொடையென்று நாமே எழுதிக் கொள்கிறோம். பயிற்றாளர் பரீட்சை எழுதி, பயிற்சிக்குச் செலவு செய்து வந்தவர். அவர் கட்டணம்தான் மற்றவருக்கும் என்று நான் சொல்லவில்லை. அதற்காக, கேட்கத் தெரியாதவரிடம் நாமே ஒரு குறைந்த விலையைப் போட்டுக் கொள்ளலாகாது. சில திடல்களில் பதிவு பெற்ற பயிற்றாளர் தவிர வேறெவரும் கட்டணத்துக்குக் கற்பிக்க அனுமதியில்லை. கொடுக்கப் போய் அவரைச் சங்கடத்தில் மாட்டி விடாமல் அதையும் விசாரித்துக் கொள்ள வேண்டும். நான் விசாரித்துக் கொண்டேன்.

அடுத்த வாரம் திடலில் அவரைப் பார்த்து, “அண்ணே, ஒரு மணிக்கு என்ன வாங்குவீர்கள்?” என்றேன். சிறிது நேரம் என் முகத்தைப் பார்த்தார். “நாற்பது வெள்ளி கொடுங்கள், முதலாளி” என்றார். தயக்கமே இல்லை, எவ்வளவு நாளாக அந்தத் தொகையை மனத்தில் வைத்திருந்தாரோ! கடந்த இரண்டு மாதத்தையும் சேர்த்துக் கணக்குச் சொன்னேன். கவரிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்தேன். அவரும் ஒருமுறை எண்ணிப் பார்த்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டார்.

“சரி, மட்டையை எடுங்கள். இடது முழங்கை இன்னும் மடங்குகிறது” என்றார்.