இரு கண்ணும் ஒரு சாட்சியே

"கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம்மவர் பழமொழி. காது பொய் சொல்லும் என்றால் ஒப்புகிறோம். கண் பொய் சொல்லும் என்றால் மனம் ஒப்புவதில்லை. 'நானே பார்த்தேன்' என்று ஒருவன் சொல்லிவிட்டால் வழக்கே முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். கண்டது மட்டுமே மெய்க்குப் போதுமா? இவ்வினாவுக்கு ஸ்டீரியோஸ்கோப் என்னும் படக்கருவியின் வரலாறு நல்லதொரு விடை பகர்கின்றது.

நம் இரு கண்களுக்கும் இடையே ஏறக்குறைய 2½ அங்குலம் உள்ளது. ஆதலால் ஒரே பொருளை அவை சற்று வெவ்வேறாகக் காண்கின்றன. இவ்வேற்றுமையைக் கொண்டே மனம் பொருளின் ஆழத்தை உணர்கிறது என்பதை, சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1838-ம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தார்க்கு விளக்கினார். புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்படுமுன்னரே, கோட்டுச் சித்திரங்களையும் இரு கண்ணாடிகளையும் கொண்டு அவர் இதனை மெய்ப்பித்தார். 1849-ல் டேவிட் புரூஸ்டர் வில்லைகள் பொருத்திய சிறு பெட்டியாக அதனை மாற்றினார். 1851-ல் நடந்த லண்டன் பொருட்காட்சியில் விக்டோரியா அரசியாரே அதனை வியந்து நோக்கினார். 1861-ல் அமெரிக்க மருத்துவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் கையிலேந்தும் எளிய கருவியொன்றை அமைத்து, அதற்குக் காப்புரிமை கோராமல் விட்டார். எளியோர் வீடுகளுக்கும் அது சென்றது.

இக்கருவியில் ஒரே படத்தின் இரு பிரதிகளை வைத்தால் ஆழம் தோன்றுவதில்லை, தட்டையாகவே தெரியும். சற்றே வேறுபட்ட இரு படங்கள் வேண்டும். ஆகவே வேற்றுமை குற்றமன்று. அதுவே ஆழத்திற்குக் காரணம். எல்லாரும் ஒன்றையே சொல்லவேண்டும் என்று வற்புறுத்துவோர் இதனைச் சிந்திப்பார்களாக.

ஆயினும் இத்துடன் நின்றால் பாதி உண்மையே கண்டவராவோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863-ல் கெட்டிஸ்பர்க் களத்தை அலெக்சாந்தர் கார்ட்னர் குழுவினர் படமெடுத்தனர். அவற்றுட் பெரும்பாலானவை இரட்டைப் படங்களே. கற்சுவரின் மறைவில் இறந்துகிடக்கும் ஓர் இளவீரனின் படம் பெரும் புகழ் பெற்றது. கண்டோர் உள்ளம் உருகினர். ஆனால் அதே சடலம் வேறோரிடத்தில், சரிவில் கிடக்கும் படங்களும் இருந்தன. வில்லியம் ஃப்ராசனிட்டோ என்னும் ஆராய்ச்சியாளர் அவற்றை ஒப்பிட்டு, படத்திற்காகவே சடலம் நகர்த்தப்பட்டது என்று 1975-ம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டினார்.

இரட்டைப் படக்கருவியின் இரு வில்லைகளும் இப்பொய்யைக் கண்டுபிடிக்கவில்லை. ஏன்? இரண்டும் ஒரே பெட்டியில், ஒருவர் வைத்த இடத்தில் நின்றன. அவை ஆழத்தைக் காட்டின. நேர்மையைக் காட்ட அவற்றால் இயலவில்லை. வேறிடத்தில் எடுத்த படமே பொய்யை வெளிப்படுத்திற்று.

ஒரே கை எழுதிய இரு பேரேடுகள் ஒத்திருப்பதனால் கணக்குச் சரியென்று ஆகிவிடாது. அவ்வாறே, ஒரு பக்கத்தார் பத்துப்பேர் சேர்ந்து சொன்னாலும் அது ஒரு சாட்சியே. ஒரு தொழிலாளி மீதோ, ஒரு பெண் மீதோ பழி வரும்போது, பழித்தவரிடமே மீண்டும் மீண்டும் கேட்டுவிட்டு 'விசாரித்தோம்' என்று சொல்லுதல் முறையாகுமா? எதிர்ப்புறம் சென்று, பழிக்கப்பட்டவர் நிற்கும் இடத்தில் நின்று ஒருமுறை பார்ப்போமாக. தீர விசாரித்தல் என்பது அதுவே.