அறியாதவரின் நடுநிலை

செயலிப் போட்டி நடுவர் ஒருவர் யாருக்கும் வேண்டியவர் அல்லர். எந்தச் செயலியை யார் எழுதினார் என்பதும் அவருக்குத் தெரியாது. அவர் தீர்ப்பு நியாயமானதாக இருக்க இது போதுமா? போதாது என்பதே என் கட்சி. ஓர் எடுத்துக்காட்டு: மலேசியப் பார்வையற்றோர் சங்கம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. அங்கு நடைபாதைகளில் காலால் உணரும் மஞ்சள் கற்களைப் பதித்திருக்கிறார்கள். அங்கு நடக்கும் பார்வையற்றவருக்கென ஒருவர் செயலி எழுதி அனுப்பினால், பார்வையுள்ள நடுவர் திரையைப் பார்த்து ‘அழகு சுமார்’ என்று மதிப்பெண்ணைக் குறைப்பார். பளபளப்பான மற்றொன்றுக்கு அள்ளிக் கொடுப்பார். ஆண்ட்ராய்டில் திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக்கை இயக்கி, கண்ணை மூடி, விரலால் தடவிப் பார்த்தால்தானே அந்தப் பளபளப்பில் பாதிப் பொத்தான்கள் பெயரே இல்லாமல் ‘பட்டன், பட்டன்’ என்று மட்டும் ஒலிப்பது தெரியும்! எந்தப் பக்கமும் சாயாமலே அநீதி நடந்துவிடுகிறது. திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம் ஆராய்வதை முதலில் சொல்லி, தாட்சண்யம் பாராமையை அதற்குப் பின் வைப்பது சும்மா இல்லை.

2008இல் கூகுள் நடத்திய ஆண்ட்ராய்டு போட்டிக்கு 1,788 செயலிகள் வந்தன. முதல் சுற்றில் 50 செயலிகள் தலா 25,000 டாலர் பெற்றன. முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி கடைக்கு வந்ததோ அந்த ஆண்டு அக்டோபரில்! கையில் வைத்து நடக்க வேண்டியதைக் கணினித் திரையில் ஓடவிட்டுத்தான் மதிப்பிட முடிந்தது. நடுவர்களின் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை; நேர்மை எட்டாத இடம் அது. அடுத்த ஆண்டு பயனர்களே தங்கள் கைப்பேசியில் பயன்படுத்தி மதிப்பெண் போட வழி செய்தார்கள். நல்ல திருத்தம்தான். ஆனால் தமிழ்ச் செயலியோ பார்வையற்றோர் செயலியோ பொது வாக்குக்குப் போனால், அது தேவைப்படாதவர்களின் எண்ணிக்கையே வெல்லும்.

அப்படியானால் விஷயம் தெரிந்தவரையே நடுவராக்கலாம் என்றால், கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் மென்பொருள் எழுதுவோர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், சலுகை நுழைந்துவிடும் என்பார்கள். நியாயமான அச்சம். ஆனால் அறிவும் உறவும் பிரிக்க முடியாதவை அல்ல. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (921), ஊரை நிர்வகிக்கும் வாரியத்துக்கு வருபவரிடம் கல்வியைக் கேட்டது. முந்தைய மூன்றாண்டுக்குள் பதவி வகித்தவரை விலக்கியது. கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரையும் விலக்கியது. நிலமும் வேதக் கல்வியும் கேட்டுப் பெரும்பாலோரை வெளியே நிறுத்தியதும் அதே கல்வெட்டுதான். அதைப் போற்ற வேண்டியதில்லை. ஆனாலும் தகுதியையும் தொடர்பையும் தனித்தனியே சோதிக்கலாம் என்பது அதை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிரிக்பீல்ட்ஸ் செயலிக்குப் பார்வையற்ற நடுவர் ஒருவர் அமரட்டும். எழுதியவரோடு அவருக்கு என்ன தொடர்பு என்பதை அமைப்பாளர் முன்கூட்டியே எழுதி வாங்கட்டும். இதற்கெல்லாம் நேரமில்லை என்று சொல்லும் அமைப்பாளர், பரிசுப் பிரிவுகளைக் குறைத்துக்கொள்ளலாம்.