கள்ளத்தோணியும் கூலிப் பாக்கியும்



சென்ற ஞாயிறு பூசை முடிந்து நான் வெளியே வந்தபோது, கோவில் வாசலில் ஒருவர் பலர் கேட்கச் சொன்னார்: "சுவாமி, அகதி முகாம் ஆட்கள் மலையேறி வந்து நம் ஏழைகளின் கூலியைக் கெடுக்கிறார்கள். பத்திரம் இல்லாதவனுக்கு இங்கே என்ன வேலை?" நின்றவர்களில் பாதிப்பேர் தலையசைத்தார்கள். அன்று நான் வாய் திறக்கவில்லை. இன்று பதில் சொல்லுகிறேன்.

கூலி குறைகிறது என்பது பொய்யல்ல. பூண்டுக் காட்டில் களையெடுத்துப் பிழைக்கும் விதவை ஒருத்தி, தனக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை போயிற்று என்று என்னிடம் அழுதாள். ஒரு தேசம் தன் எல்லையைக் காத்துக்கொள்ள உரிமையுடையது. திருச்சபை அதை மறுக்கவில்லை. ஆனால் கூலியைக் குறைத்தது யார்? வந்தவன் குறைத்துக் கேட்கவில்லையே! தணிக்கை நாளுக்குள் அவன் முகாமுக்குத் திரும்பியாக வேண்டும். போலீஸ் நிலையப் படியேற அவனுக்குப் பயம். இதை அறிந்த தோட்டக்காரர் நூறு ரூபாயைப் பிடித்துக்கொள்கிறார். பிறகு அந்த விதவையைப் பார்த்து, "அவன் இதற்கே வருகிறான், உனக்கு இஷ்டமா?" என்கிறார். இருவருக்கும் ஒரே கூலி என்றால், அவளை நிறுத்திவிட்டு அவனைத் தேடிப் பிடிக்க வேண்டிய அவசியம் என்ன?

பத்திரமில்லாதவன் என்ற பேச்சு நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. மண்டபம் முகாம் வழியாக, கங்காணி கையில் ஒப்படைக்கப்பட்டு, நம் பாட்டன் பூட்டன்மார் இலங்கைக்குப் போனார்கள். கள்ள வழியாக அல்ல, துரைமார் அழைத்தே போனார்கள். காட்டை அழித்துக் காப்பியும், பின்னர் தேயிலையும் வைத்தார்கள். அந்தத் தேயிலை விற்ற பணத்தில் அந்த நாடு அரிசி வாங்கிற்று. ஆயினும் 1948-ல் பிரஜா உரிமைச் சட்டம் வந்தபோது அவர்கள் எந்த நாட்டாரும் அல்லாதவர் ஆனார்கள். 'கள்ளத்தோணி' என்பது அவர்களுக்கு இட்ட பெயர். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஆடுமாடுகளைக் கூட இப்படிப் பிரிப்பதற்கு முன் ஒரு வார்த்தை யோசிப்போம்.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்தவர்களில் சிலர் நம் கொடைக்கானல் மலைக்கே கொண்டுவரப்பட்டார்கள். காட்டில் மரம் வெட்டவும், தோல் பதனிட வாட்டில் பட்டை உரிக்கவும் வைத்தார்கள். முன்பணக் கடன் கழுத்தில் ஏறிற்று. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்திருந்தும், 1980-களில்தான் அவர்கள் மீட்கப்பட்டார்கள். கவனியுங்கள்: இவர்கள் இந்தியப் பிரஜைகள், சர்க்கார் தந்த பத்திரம் கையில் இருந்தது. ஆனால் ஊரில் உற்றாரில்லை, கேட்க நாதியில்லை. பத்திரம் உள்ளவனுக்கே இந்தக் கதி என்றால், 1983 கலவரத்துக்குப் பின் படகேறி வந்து இன்னும் முகாமில் இருப்பவனுக்கும், முகாமிலேயே பிறந்தும் பிரஜா உரிமை இல்லாத அவன் பிள்ளைக்கும் என்ன கதி?

(வடநாட்டிலிருந்து வந்து விடுதிகளில் வேலை செய்யும் பையன்களையும் இதே கணக்கில் சேர்த்துப் பேசுகிறீர்கள். அவர்கள் நம்மைப் போலவே இத்தேசத்துப் பிரஜைகள்.)

ஏரோதன் கைக்குத் தப்பி இரவோடு இரவாக எகிப்து தேசம் போன அர்ச். சூசையப்பர் அங்கே யாரிடம் தச்சு வேலை கேட்டாரோ, என்ன கூலி கொடுத்தார்களோ, சுவிசேஷம் சொல்லவில்லை. பிழைக்க நாடு விட்டுப் போகும் குடும்பங்களுக்கெல்லாம் அந்தத் திருக்குடும்பமே முன்மாதிரி என்று 12-ம் பயஸ் பாப்பரசர் 1952-ல் எழுதினார். மோயீசன் சட்டமோ இன்னும் கண்டிப்பானது: கூலிக்காரன் உன் சகோதரனானாலும் அந்நியனானாலும் பொழுது சாயுமுன் அவன் கூலியைக் கொடுத்துவிடு என்கிறது. பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடும் என்று அர்ச். யாகப்பர் எழுதினார்.

கோவில் வாசலில் என்னிடம் கேட்டவருக்கும் பூண்டுக் காடு உண்டு. பெயர் சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும். சென்ற மாதம் முகாமுக்குத் திரும்பிப் போனவனுக்கு நான்கு நாள் கூலி பாக்கி. சனிக்கிழமைக்குள் அதை முழுக்கூலியாகவே அனுப்பிவிட்டு, பிறகு பாவசங்கீர்த்தனத்துக்கு வரட்டும். வழக்கம்போல் மாலை நான்கு மணி முதல் நான் கோவிலில் இருப்பேன்.