யாருக்காகப் படகு?

குழந்தையை அபாயத்திலிருந்து காப்பது பெற்றவர்களின் கடமை. இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் பெற்றவரே தம்முடைய சந்தோஷத்துக்காக ஓர் அபாயத்தைத் தேடிப் போகிறார். போகும்போது குழந்தையையும் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறார். இது தகுமா? இந்தக் கேள்வி சென்ற மாதம் ஒரு கடிதத்தின் வடிவில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

என் சிநேகிதர் ஒருவரின் பிள்ளை இங்கிலாந்தின் தென் கரையில் உத்தியோகம் பார்க்கிறான். அந்தப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பாதி ஊர் தண்ணீரில் இருக்குமாம். அந்தப் பித்து இவனையும் பிடித்துக்கொண்டது. பாய்மரப் படகு செலுத்த இரண்டு வருஷமாகக் கற்று வருகிறான். இப்போது சொந்தமாக ஒரு சின்னப் படகு வாங்கி, ஐந்து வயதுப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போக ஆசை. "மாமா, குழந்தைக்காகத்தான் வாங்குகிறேன். இவள் தடுக்கிறாள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்" என்று எழுதியிருந்தான். கடிதத்தின் அடியில் அவன் மனைவி இரண்டு வரி சேர்த்திருந்தாள்: "மாமா, படகு வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழந்தைக்காக என்று சொல்ல வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்."

பையன் நாலு பக்கம் எழுதியிருந்தான். ஆனாலும் வழக்கின் உயிர் அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது.

அவன் அனுப்பிய பட்டியலில் முதலிடம் ஒரு பந்தயப் படகுக்கு. ஒல்லியான உடல், உயரமான பாய்மரம், காற்று சற்று ஓங்கினால் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு பறக்கும். ஓட்டுகிறவன் படகுக்கு வெளியே உடம்பைச் சாய்த்துத்தான் அதை நிமிர்த்தி வைக்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அதில் என்ன வேலை? வளைந்து திரும்பும்போது பாயின் அடிக்கழி மண்டையைத் தாக்காமல் குனிந்துகொள்வது ஒன்றுதான் வேலை. ஆசை தகப்பனுடையது, பெயர் மட்டும் குழந்தையுடையது. நம் வீடுகளிலும் பார்க்கிறோம். பாட்டு வாத்தியாரை அமர்த்துவதும், பெரிய பள்ளிக்கூடத்து வாசலில் விடியற்காலையில் போய் நிற்பதும் குழந்தைகளுக்காகத்தான் என்கிறோம்!

நான் நாவல் எழுதுகிறவன். ஆகையால் இந்த விஷயத்தில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்ததும் ஒரு நாவல்தான். 1930-ல் ஆர்தர் ரான்ஸம் என்ற ஆங்கில எழுத்தாளர் 'ஸ்வாலோஸ் அண்ட் அமேஸான்ஸ்' என்ற கதையை வெளியிட்டார். நாலு குழந்தைகள், பெரியவர் துணையில்லாமல், ஒரு சின்னப் பாய்மரப் படகில் ஏரித் தீவுக்குப் போய்த் தங்குகிறார்கள். கடைசிப் பையன் ரோஜருக்கு ஏழு வயது. நீச்சல் இன்னும் சரியாக வரவில்லை. கடற்படையில் இருக்கும் தகப்பனார் தொலைதூரத்திலிருந்து தந்தி மூலம் அனுமதி தருகிறார். அந்தத் தந்தி இங்கிலாந்தில் பிரசித்தம். பிள்ளைகளின் சாமர்த்தியத்தில் தகப்பன் வைத்த நம்பிக்கை என்று சிலர் மெச்சுவார்கள். இதென்ன கல்நெஞ்சு என்று சிலர் கேட்பார்கள்.

கதைக்குப் பின்னால் உண்மைப் படகுகளும் இருந்தன. சிரியாவில் அலெப்போ நகரத்து மருத்துவரான எர்னஸ்ட் ஆல்ட்டூனியன், 1928-ல் விடுமுறைக்காக இங்கிலாந்தின் கானிஸ்டன் ஏரிக்குக் குடும்பத்துடன் வந்தார். பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்காக இரண்டு சிறு படகுகள் வாங்கினார்கள். ஒன்றுக்கு 'ஸ்வாலோ' என்று பெயர், மற்றதற்கு 'மேவிஸ்'. அந்த மேவிஸ் இன்றும் கானிஸ்டன் ஊரின் ரஸ்கின் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. டாக்டரின் பையன் ரோஜர் பிற்காலத்தில் தாமும் மருத்துவரானார். ஆஸ்துமா நோயாளியான அவர் தம் உடம்பிலேயே சோதனை செய்து, அந்நோய்க்கு ஒரு நல்ல மருந்தை உலகத்துக்குக் கொடுத்தார். படகில் ஏறியதால்தான் இந்தத் துணிவு வந்தது என்று சொல்லலாமா? சொல்லலாம். ஆனால் படகையே பார்க்காதவர்களும் துணிந்திருக்கிறார்கள். பெற்றவர்கள் இப்படித்தான் கணக்கைத் தங்களுக்குச் சாதகமாக எழுதிக்கொள்கிறார்கள். மேலும், அடுத்த வருஷம் வெளியான இரண்டாவது நாவலில் ஸ்வாலோ பாறையில் மோதி மூழ்கிப் போகிறது. குழந்தைகள் எல்லாரும் கரையேறிவிடுகிறார்கள். படகும் பிறகு மீட்கப்படுகிறது. யாரைக் கரையேற்றுவது என்பது நாவலாசிரியரின் இஷ்டம். தகப்பனாருக்கு அந்த வசதி இல்லை.

சரி, எந்தப் படகு? இங்கேதான் எனக்கு ஒரு விசித்திரம் தென்பட்டது. பட்டியலில் இரண்டாவதாக இருந்தது 'வேஃபேரர்'. 1957-ல் இயான் ப்ராக்டர் வடிவமைத்தது. கிட்டத்தட்ட 16 அடி நீளம், அகலமான உடல், ஆழமான இருப்பிடம். 1963-ல் ஃப்ராங்க் டை என்பவர் இந்த வகைப் படகில் ஸ்காத்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்கே போனார். அவ்வளவு உறுதி. ஆனால் வெறும் உடல் மட்டும் சுமார் 170 கிலோ. இலேசில் கவிழாது, கவிழ்ந்துவிட்டாலோ, ஒற்றை ஆளாக அதை நிமிர்த்துவது பெரும்பாடு. அந்த ஒற்றை ஆளின் ஒரு கையில் குழந்தையும் இருக்கிறது.

மூன்றாவது 'மிர்ரர்'. லண்டன் 'டெய்லி மிர்ரர்' பத்திரிகையின் ஆதரவில், ஜாக் ஹோல்ட் என்ற படகுக் கலைஞரும் பாரி பக்னெல் என்பவரும் சேர்ந்து உருவாக்கி, 1963-ல் வெளிவந்தது. சாமானியக் குடும்பம் தன் வீட்டிலேயே ஒட்டுப்பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்துப் பிசின் பூசிக் கட்டிக்கொள்ளலாம். பதினொரு அடிக்குச் சற்றுக் குறைவு. எடை 45 கிலோ சொச்சம். சிவப்புப் பாய். உட்காரும் பக்கப் பெட்டிகளே மூடிய காற்றறைகள்; ஆகவே கவிழ்ந்தாலும் மிதக்கும். பெரியதைவிடச் சீக்கிரம் தள்ளாடும். ஆனால் ஒருவர் பலகைமேல் ஏறி மிதித்தால் எழுந்து நிற்கும்.

எளிதில் விழாதது எழுவது கடினம். எளிதில் எழுவது அடிக்கடி விழும். குழந்தைக்கு எதைத் தேர்வது? பையனுக்கு நான் மிர்ரரைத்தான் சொன்னேன். காற்று ஓங்கினால் பாயைச் சுருக்கிக் கட்ட வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னேன். அதோடு, வெயில் நாளில், இடுப்பளவு தண்ணீரில், குழந்தையின் முன்னிலையிலேயே படகை வேண்டுமென்று கவிழ்த்து நிமிர்த்திக் காட்டவும் சொன்னேன். கவிழ்வது என்ன என்று தெரியாமல் அவளை ஏற்றிக்கொண்டு போனால், அவள் வைத்த நம்பிக்கை ஏமாற்றி வாங்கியது ஆகிவிடும். ஐந்து வயதுக் குழந்தை சம்மதம் தர முடியாது. நம்புவதற்கு மட்டும்தான் அதற்குத் தெரியும்.

குளிரைப் பற்றியும் எழுதினேன். அந்தக் கடல் நடுக்கோடையிலும் நம் ஊர்க் கிணற்று நீரைவிடக் குளிர்ந்தது. சின்ன டம்ளரில் ஊற்றிய காப்பி பெரிய பாத்திரத்தில் இருப்பதைவிடச் சீக்கிரம் ஆறிப்போகிறது அல்லவா? சின்ன உடம்பும் அப்படியே. தகப்பனுக்கு "கொஞ்சம் சில்லென்று இருக்கிறது" என்று தோன்றும்போது, குழந்தைக்கு அபாயம் தொடங்கிவிட்டிருக்கும்.

அவன் மனைவி தனியாக ஒன்று கேட்டிருந்தாள்: குழந்தையை ஒரு கயிற்றால் படகோடு கட்டி வைக்கலாமா என்று. தாயின் மனசுக்கு வேறு எது தோன்றும்? ஆனால் இந்தச் சின்னப் படகுகளில் செய்யவே கூடாத காரியம் அதுதான். படகு கவிழ்ந்தால், கட்டப்பட்ட குழந்தை படகுக்கடியிலோ நனைந்த பாய்க்கடியிலோ சிக்கிக்கொள்ளும். எடைக்கேற்ற மிதவைச் சட்டை, மயங்கினாலும் முகத்தை மேலே திருப்பி நிறுத்தும் கழுத்துப்பட்டியோடு, கால்களுக்கிடையே வார் கட்டி அணிவிக்க வேண்டும். அதன்பின் விட்டுவிட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இதை எழுத எனக்கு அரை நாள் ஆயிற்று. அன்பின் காரணமாகக் கட்டுகிற கயிறு என்ன செய்யும் என்று ஒரு தாயிடம் சொல்வது சுலபமில்லை.

இதையெல்லாம் படிக்கும் வாசகர் ஒருவர், "நம் மீனவர் குழந்தைகள் அலையில் விளையாடி வளரவில்லையா?" என்று கேட்கலாம். கட்டுமரம் என்ற நம் சொல்லைத்தான் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு இரட்டை உடல் படகுக்கெல்லாம் சூட்டிவிட்டார்கள். கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய அதில் தண்ணீர் தேங்கவே இடமில்லை. எனவே நிரம்பி மூழ்குவதும் இல்லை. ஆனால் அந்தக் குழந்தை கடலுக்குப் பழகுவது சோற்றுக்காக. வேறு வழியில்லாதவர் ஏற்கும் அபாயத்தைக் காட்டி, வாரக் கடைசி உல்லாசத்துக்கு நியாயம் தேடுவது எனக்குச் சம்மதமில்லை. உல்லாசம் தவறு என்று நான் சொல்லவில்லை. அதற்கு அதன் சொந்தக் காரணமே போதும்: காற்றும் தண்ணீரும் நன்றாயிருக்கின்றன, தகப்பனும் மகளும் ஒரு மாலைப்பொழுது சேர்ந்து இருக்கிறார்கள். அந்தப் பெண் எழுதிய இரண்டு வரியின் அர்த்தமும் இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் வேறு கேள்வி வரும். 1947-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், க்ளியர்வாட்டர் என்ற ஊரில், க்ளார்க் மில்ஸ் என்ற படகுத் தச்சர் குழந்தைகளுக்கென்றே ஒரு சின்னப் படகு செய்தார். இரண்டு ஒட்டுப்பலகைத் தகடுகளில் அடங்கும்படி, மூக்கு வெட்டினாற்போல், ஏழே முக்கால் அடி. அவ்வூர் 'ஆப்டிமிஸ்ட்' சங்கத்தின் பெயரே அதற்கும் வந்தது. இன்று உலகமெங்கும் பிள்ளைகள் ஏழெட்டு வயதில் அதில் தனியாக ஏறுகிறார்கள். அதில் தகப்பனுக்கு இடமில்லை. பெரிய படகில் குழந்தை மூட்டையைப்போல் பத்திரமாக இருந்தது. இங்கே சுக்கான் அதன் கையில்.

கற்றுக்கொடுப்பவர் ஒரு மோட்டார்ப் படகில் பின்தொடர்வார். ரொம்பக் கிட்டே போனால் பிள்ளை பாயைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருக்கும் என்றும், ரொம்பத் தள்ளிப் போனால் கரையில் நிற்கும் தாய்மார் கூப்பாடு போடுவார்கள் என்றும் பையன் எழுதியிருக்கிறான். எவ்வளவு தூரம் சரி என்பது அன்றைய காற்றைப் பொறுத்ததாம்.