ஆற்றுக்கால் பொங்காலையும் உணவின் தூய்மையும்

வீட்டை விட்டுப் பயணம் செல்பவர், முன்பின் அறியாதவர் விற்ற பொருளையும் ஆக்கிய சோற்றையும் நம்பியே நாளைக் கழிக்க வேண்டியிருப்பதால், உணவின் தூய்மை எதைப் பொறுத்தது என்ற கேள்வி அவருக்கே முதலில் எழுகிறது. சாந்தோக்கிய உபநிடதம் உள்ளத்தின் தூய்மையை உணவின் தூய்மையோடு இணைத்துப் பேசுகிறது. அங்கு உணவு என்பது புலன்கள் வழியாக உள்வாங்கும் அனைத்தையும் குறிக்கும் என்றார் சங்கரர். உண்ணும் சோற்றையே கருதிய இராமானுசரோ விலக்க வேண்டிய குற்றங்கள் மூன்று என்றார்: பொருளின் இயல்பிலேயே உள்ள ஜாதி தோஷம், தூசும் மயிரும் போன்றவை கலப்பதால் நேரும் நிமித்த தோஷம், உணவு எவரிடமிருந்து வருகிறதோ அவரைப் பற்றிய ஆசிரய தோஷம். மூன்றாவது, தருபவரின் ஒழுக்கத்தைப் பற்றியதாக நில்லாமல் அவரது பிறப்பைப் பற்றியதாக நடைமுறையில் இறுகியதே பெருந்தீங்காயிற்று.

திருவனந்தபுரம் இத்தீங்கை நன்கறிந்த நகரம். பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை 56 நாள் நடைபெறும் வேதம் ஓதும் சடங்கான முறைஜபத்தின்போது ஊட்டுப்புரைகளில், அதாவது அரசு நடத்திய அன்னசாலைகளில், அந்தணர்க்கே விருந்து நடந்தது. அந்நகரிலேயே, தமிழ்நாட்டிலிருந்து வந்து தைக்காட்டில் வாழ்ந்த அய்யாவு சுவாமிகள் (1814–1909), தைப்பூசத்தன்று எல்லாச் சாதியினரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உணவளித்தார்.

எனினும் பந்தியில் சேர்ந்து உண்பதை விடவும் அடுப்பைப் பகிர்வது அரியது. அந்நகரின் ஆற்றுக்கால் பகவதி கோயிலில் பெண்கள் பொங்கலிட்டுப் படைக்கும் பொங்காலை அதைச் செய்கிறது. மதுரையை எரித்த கண்ணகியே இங்கு வந்து தங்கினாள் என்பது தலநம்பிக்கை. மாசி மாதத்துக்கு இணையான கும்ப மாதத்துப் பூர நாளில், நாஞ்சில் நாட்டிலிருந்தும் கேரளத்தின் பல ஊர்களிலிருந்தும் வரும் பெண்கள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவிலும் பிற கடைகளிலும் மண்பானை, பச்சரிசி, வெல்லம், தேங்காய் ஆகியவற்றை வாங்கி, தெருவோரத்தில் செங்கல் கூட்டி அமர்கின்றனர். தோற்றம்பாட்டில், அதாவது கண்ணகி கதையைப் பாடும் சடங்குப் பாட்டில், பாண்டியன் மடியும் பகுதி முடிந்ததும் கோயில் மடைப்பள்ளியில் மூட்டும் தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறிப் பல கிலோமீட்டர் செல்கிறது. 2009இல் கின்னஸ் பதிவின்படி 25 லட்சம் பெண்கள் கூடினர்.

இங்கு ஒருத்தியின் அடுப்புக்குத் தீ தந்தவள் பெரும்பாலும் அவள் பெயரறியாத பெண். அவளது குலத்தைக் கேட்டறிந்து தீயைப் பெறுவார் எவருமில்லை. வெந்த பொங்கல் கோயிலுக்குள் செல்வதுமில்லை. பூசாரிகள் வரிசைதோறும் வந்து தீர்த்தம் தெளித்ததும் படையல் நிறைவேறிவிட, பானை வீட்டுக்குத் திரும்புகிறது. ஊரில் காத்திருக்கும் பிள்ளைகளும் கணவனும் மாமியாரும் உண்பது அயலாள் தந்த தீயில் வெந்த சோறு. குடும்ப உறவின் உள்ளறைப் பொருளான சோற்றில் அந்நியர்க்கும் பங்கு இருப்பதை இவ்வளவு இயல்பாக ஏற்கும் சடங்கு வேறு எளிதில் கிடைப்பதன்று.

மறுநாள் அடுப்புகள் மீண்டும் வீட்டுக்குள் சென்றுவிடுகின்றனவே என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வியே, ஒரு நாள் வழிபாடு ஆண்டு முழுதும் நிலவும் விலக்குகளை ஒழித்துவிடாது. ஆயினும் இப்பெண்கள் தூய்மையைக் கைவிட்டவர்கள் அல்லர்: நோன்பிருந்து, நீராடி, புதுப்பானையில் பொருளைக் கழுவி ஆய்ந்து சமைப்பதால், முதலிரண்டு தோஷங்களையும் இராமானுசர் மெச்சும் அளவுக்கே விலக்குகின்றனர். மூன்றாவதைப் பற்றி மட்டும் அவர்கள் எவரிடமும் கேட்பதில்லை.