ஹராமின் சுவையை ஹலாலில் தேடலாமா?

அமெரிக்காவில் குடியேறியுள்ள முஸ்லிம் வீடுகளில் அடுப்படிக் கேள்வி ஒன்று அடிக்கடி மார்க்கக் கேள்வியாக உருவெடுக்கிறது. அந்நாட்டில் சிறு ஊர்களில்கூட சீன உணவுக் கடை உண்டு. அங்கே உட்கார்ந்து உண்பதைவிட, வெள்ளை அட்டைப் பெட்டிகளில் பார்சல் வாங்கி வீட்டுக்குக் கொண்டு போவதே பெரு வழக்கம். அப்பெட்டிகளில் மிகவும் பேர்பெற்ற பண்டம் 'ஜெனரல் ஸோ கோழி' என்பது. மொறுமொறுப்பாகப் பொரித்த கோழித் துண்டுகளை இனிப்பும் புளிப்பும் வற்றல் மிளகாயின் காரமும் கூடிய கெட்டிக் குழம்பில் புரட்டிச் சோற்றுடன் தருவார்கள். பள்ளித் தோழர்கள் அதன் ருசியைப் பேசும்போது முஸ்லிம் பிள்ளை வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கடையில் வாங்க இயலாமைக்குக் காரணங்கள் வெளிப்படையானவை. கோழி பிஸ்மி சொல்லி அறுக்கப்பட்டதா என்பது தெரியாது. வேதம் கொடுக்கப்பட்டோரின் உணவைத் திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் அனுமதிப்பதை வைத்து அந்நாட்டு இறைச்சியை ஆகுமாக்கும் ஆலிம்களும் உண்டு; இயந்திர அறுப்பைக் கண்டு மறுக்கும் ஆலிம்களும் உண்டு. ஆனால் இந்தக் கடைகளைப் பொறுத்தவரை அந்த விவாதத்துக்கே தேவையில்லை. பன்றி இறைச்சி அடைத்த முட்டைச் சுருள்கள் பொரிகிற எண்ணெயிலேயே பெரும்பாலும் கோழியும் பொரிகிறது. அதற்கும் மேலாக, கோழியை ஊறவைப்பதிலும் குழம்பிலும் ஷாவ்சிங் என்னும் அரிசி மது சேர்க்கப்படுகிறது.

ஆகவே நம் சகோதரிகள் வீட்டிலேயே செய்துவிடுகிறார்கள். ஹலால் கடையில் வாங்கிய கோழித் தொடையைத் துண்டு போட்டு, முட்டை வெண்கருவிலும் சோயா சாஸிலும் ஊறவைத்து, மக்காச்சோள மாவில் புரட்டி, ஒரு முறைக்கு இரு முறை பொரித்தெடுக்கிறார்கள். இரண்டாவது பொரிப்பில்தான் அந்த மொறுமொறுப்பு நிலைக்கிறது. மதுவின் இடத்தில் கோழிச் சாறும் இஞ்சிச் சாறும் சேர, காடியும் சர்க்கரையும் பூண்டும் வற்றல் மிளகாயும் குழம்பாகின்றன. கடைப் பண்டத்துக்கு அது சற்றும் இளைத்ததன்று.

இங்கேதான் கேள்வி பிறக்கிறது. விலக்கப்பட்ட ஒன்றின் சுவைக்கு ஏங்கி, அதே சாயலில் ஒன்றை ஆகுமான பொருள்களால் ஆக்கி உண்பது, அல்லாஹ் விதித்த வரம்பை மதிப்பதா, வரம்பைச் சுற்றிக்கொண்டு போவதா?

சுற்றிக்கொண்டு போவதே என்பார் உண்டு. கை ஹராமைத் தொடவில்லை, நெஞ்சு தொட்டுவிட்டது என்பது அவர்கள் வாதம். பேணுதலுள்ளோர் சொல்லும் வார்த்தையை இலேசாகத் தள்ளிவிடலாகாது. வயிற்றின் ஆசையை அடக்குவதற்கென்றே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் தனிப் பகுதி வகுத்திருக்கிறார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் இறைச்சி சுமந்து வருவதைக் கண்டு கலீஃபா உமர் (ரலி) அவர்கள் விசாரித்தார்கள். ஆசைப்பட்டோம், ஒரு திர்ஹத்துக்கு வாங்கினேன் என்று ஜாபிர் சொன்னார்கள். அண்டை வீட்டாருக்காகவும் உறவினருக்காகவும் தம் வயிற்றைச் சற்றுச் சுருக்கிக்கொள்ளக் கூடாதா என்று உமர் (ரலி) கடிந்துகொண்ட செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இருக்கிறது.

ஆனால் ஜாபிர் (ரலி) சுமந்து வந்தது ஹலாலான இறைச்சி. அது எதன் சாயலிலும் சமைக்கப்படவில்லை. உமர் (ரலி) கண்டித்தது ஆசைப்பட்டதையெல்லாம் வாங்கும் பழக்கத்தையும், அண்டை வீட்டை மறப்பதையும். அந்தக் கண்டிப்பை ஏற்பதானால் முதலில் நம் கல்யாண வீட்டு பிரியாணிக்கு ஏற்க வேண்டும். பிரியாணிக்குச் சலுகை காட்டிவிட்டுச் சீனக் கோழிக்கு மட்டும் உமர் (ரலி) அவர்களைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமாகாது. குழம்பு வைக்கும்போது தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டையும் கவனிக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்னது எந்தக் குழம்புக்கும் பொருந்தும்.

சாயல் பற்றிய கேள்விக்குத் தெளிவான விடை காடியில் இருக்கிறது. மது விலக்கப்பட்டபோது மதீனாவின் தெருக்களில் அது கொட்டப்பட்டு ஓடியது. அநாதைகளுக்குச் சொத்தாக வந்த மதுவைக் காடியாக மாற்றிக்கொள்ளலாமா என்று அபூதல்ஹா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அநாதையின் சொத்தாயிற்றே, நஷ்டமாகிறதே என்றாலும் பெருமானார் (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. அதே பெருமானார் (ஸல்) அவர்கள், வீட்டில் காடியைத் தவிர வேறு தொடுகறி இல்லை என்று சொல்லப்பட்டபோது, அதையே கொண்டுவரச் செய்து, புகழ்ந்துகொண்டே உண்டார்கள். திராட்சையிலிருந்து மதுவும் வரும், காடியும் வரும். இரண்டுக்கும் மூலம் ஒன்று. மணத்தில்கூட உறவு உண்டு. ஒன்று தெருவில் ஊற்றப்பட்டது. மற்றது நபிகளாரின் உணவில் இடம்பெற்றது. தானாகப் புளித்துக் காடியான மது தூய்மையானது என்றும், ஏதேனும் ஒரு பொருளைப் போட்டுக் காடியாக்கினால் தூய்மையாகாது என்றும் ஷாபிஈ மத்ஹபில் சட்டம். ஹனஃபி மத்ஹபில் இரண்டும் ஆகும். இன்று கடையில் விற்கும் காடியைப் பற்றி ஆலிம்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். அதற்குள் இங்கே நுழைய வேண்டியதில்லை. நம் கேள்விக்கு வேண்டியது இவ்வளவே: அல்லாஹ் விலக்கியது மதுவை, புளிப்பை அன்று. பன்றியை விலக்கினான், பொரித்ததன் மொறுமொறுப்பை விலக்கவில்லை. சாயல் இருப்பதாலேயே ஒன்று விலக்கப்பட்டதாகும் என்றால், காடிக்குப் புகழ் கிடைத்திருக்காது.

இந்த இடத்தில் சிலர் எதிர்த் திசையில் ஓடிவிடுகிறார்கள். மதுவையே ஊற்றினால் என்ன, கொதித்தால் ஆவியாகிவிடுமே என்கிறார்கள். முதலாவது, அது முழு உண்மையன்று. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, குழம்பில் கலந்து 15 நிமிடம் கொதித்த பிறகும் சாராயச் சத்தில் 40 விழுக்காடு தங்குகிறது. 1 மணி நேரம் கொதித்தாலும் 25 விழுக்காடு தங்குகிறது. சீனச் சட்டியில் இந்தக் குழம்பு கொதிப்பதோ இரண்டு மூன்று நிமிடம். இரண்டாவது, முழுதும் ஆவியானாலும் விஷயம் தீராது. மது நஜீஸ் என்பது நம் இமாம்களின் தீர்ப்பு. அது விழுந்த கணத்தில் குழம்பு கெட்டது. அமெரிக்க மளிகைக் கடைகளில் உப்புக் கலந்து 'சமையல் மது' என்று ஒன்று விற்கிறது. குடிக்க முடியாதபடி உப்பிட்டால் மளிகைச் சாமான்களோடு வைத்து விற்கலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. உப்பிட்ட மதுவும் மதுவே.

மது இல்லாமல் சீனச் சமையல் ஏது என்று கேட்பவர்களுக்குச் சீன முஸ்லிம்களே பதில். பல நூற்றாண்டுகளாக ஹூய் முஸ்லிம்கள் மதுவும் பன்றியும் இல்லாமல் சமைத்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கடைகளின் பலகையில் 'சிங்ஜென்' என்ற சொல் இருக்கும். தூய்மை, உண்மை என்று பொருள்படும் இரண்டு எழுத்துகள். ஹலாலுக்கு அவர்கள் கண்ட சொல் அதுவே. கலிஃபோர்னியாவிலும் அப்படிப்பட்ட கடைகள் உண்டு. ஷாவ்சிங் மது செய்கிற வேலை என்ன? இறைச்சியின் கவிச்சியை நீக்குவது. அதை இஞ்சி செய்யும். இது நம் பெண்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய செய்தியன்று.

ஓர் எல்லை மட்டும் எனக்குப் படுகிறது. சாராயச் சத்து நீக்கிய திராட்சை மதுவைத் தேடிப் பிடித்து, மதுவின் மணம் குழம்பில் அப்படியே எழ வேண்டும் என்று பாடுபடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தேடுவது கோழியின் சுவையையா, மதுவின் சுவையையா? பண்டத்துக்கு ஆசைப்பட்டு மதுவை விட்டுவிடுவது ஒன்று. மதுவுக்கு ஆசைப்பட்டு அதன் நிழலைப் பிடிப்பது வேறொன்று. இரண்டாவதை ஹராம் என்று சொல்ல நான் முஃப்தி அல்லன். ஆனால் பேணுதலுள்ள ஒருவர் அதை விட்டு விலகினால் அவரைக் குறை கூற மாட்டேன்.

பிற சமுதாயத்தாரைப் பின்பற்றுவது பற்றிய ஹதீஸை இதற்குக் கொண்டுவருவதும் பொருத்தமில்லை. தபூக்கில் வெளியாரின் பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் கத்தியை வரவழைத்து, பிஸ்மி சொல்லி அறுத்தார்கள். உடும்பு இறைச்சியைத் தாம் உண்ணவில்லை, தம் சமூகத்தார் பூமியில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்றார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே காலித் (ரலி) அதை உண்டார்கள். ஊர்ப் பழக்கம் வேறு, மார்க்கம் வேறு.

சட்டம் இத்துடன் முடிந்துவிடுகிறது. சட்டியில் இருப்பது ஹலால். ஆனால் அந்தப் பண்டத்தின் பெயரைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பண்டத்தை உருவாக்கியவர் பெங் சாங்குவெய் என்ற ஹூனான் மாகாணத்துச் சமையற்காரர். 1949-இல் தேசியவாத அரசு தைவானுக்கு ஓடியபோது உடன் சென்றவர். 1950-களில் தைவானில் அரசு விருந்துகளுக்காக அதைச் செய்தார். 1973-இல் நியூயார்க் வந்தார். அவர் செய்த மூலப் பண்டத்தில் இனிப்பு இல்லை. உப்பும் புளிப்பும் காரமுமே. சர்க்கரையை நியூயார்க் வாடிக்கையாளரின் நாக்குச் சேர்த்தது. அவர் 2016-இல் காலமானார். பெயர் வைக்கும்போது தம் மாகாணத்தின் வீரர் ஒருவரை நினைத்து வைத்தார். 1812-இல் பிறந்து 1885-இல் இறந்த அந்தத் தளபதி ஸோ ஸுங்டாங் இந்தப் பண்டத்தைக் கண்ணால் கண்டதுமில்லை.

அவர் யார்? 1862-இல் ஷான்சி மாகாணத்தில் முஸ்லிம்களுக்கும் ஹான் சீனர்களுக்கும் மூண்ட கலகம் கான்சு வரை பரவியபோது, அதை அடக்கச் சீனப் பேரரசு அனுப்பிய படைத்தலைவர். நீண்ட முற்றுகைக்குப் பின் ஜின்ஜிபூவின் தலைவர் மா ஹுவாலுங் சரணடைந்தார். 1871-இல் குடும்பத்தாரோடு கொல்லப்பட்டார். 1873-இல் சுஜோ நகரம் விழுந்தபோது அங்கிருந்த முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டனர். ஷான்சியில் சீயான் நகரக் கோட்டைக்குள் இருந்தோர் தவிர முஸ்லிம்கள் ஏறத்தாழ இல்லாமல் போயினர். பிழைத்தோர் கான்சுவின் வறண்ட நிலங்களில் குடியேற்றப்பட்டனர்.

நீதியாகச் சொல்வதானால் முழுவதையும் சொல்ல வேண்டும். அந்தக் கலகத்தில் முஸ்லிம்களின் கைகளாலும் ஹான் மக்கள் கொல்லப்பட்டார்கள். ஹேஜோவின் முஸ்லிம் தலைவர் மா ஜானாவ், 1872-இல் ஸோவின் படையைத் தோற்கடித்த கையோடு அவரிடமே பணிந்து, பிறகு அவர் பக்கம் நின்று போரிட்டார். நம் கண்ணீருக்கு வசதியாக வரலாறு இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்பதில்லை.

இருந்தும், ஓர் உம்மத்தின் பிள்ளைகள் ஹலால் கோழி வாங்கி, மதுவை நீக்கி, பிஸ்மி சொல்லி உண்ணும் பண்டத்துக்கு, அந்த உம்மத்தின் ஒரு பகுதியை வேரோடு பெயர்த்தவரின் பெயர் இருக்கிறது. என்ன செய்வது? பெயரால் பண்டம் ஹராமாகாது. இறந்த தளபதியின் மீதுள்ள கோபத்தை, ஊரைவிட்டு ஓடி வந்து உழைத்துப் பிழைத்த ஒரு சமையற்காரர் மீதோ, இன்று நியூயார்க்கில் பெட்டி கட்டித் தரும் கடைக்காரர் மீதோ காட்டுவதும் அநீதி. பெயரை மாற்றிவிடலாம் என்றால், மாற்றுவது எளிது. பிறகு அந்த மனிதர்களைப் பற்றிப் பேசுவதற்கான ஒரே வாய்ப்பும் அந்த வீட்டில் போய்விடும். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து ஒரு பிள்ளை, யார் அந்த ஜெனரல் என்று கேட்டால், தாய் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். மதுவை நீக்குவதில் காட்டிய சிரத்தையில் பாதி இதற்குப் போதும்.

சொல்லும்போது முடிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1877-இன் குளிர்காலத்தில் ஸோவின் படைக்கு முன்னே ஓடிய முஸ்லிம்கள், பாய் யென்ஹு போன்றோர் தலைமையில், பனி மூடிய தியன்ஷான் மலைகளைக் கடந்து ருஷ்ய எல்லைக்குள் நுழைந்தார்கள். வழியில் விறைத்து இறந்தவர்கள் பலர். மிஞ்சியவர்களின் சந்ததியார் துங்கான்கள் என்ற பெயரில் இன்றும் கிர்கிஸ்தானிலும் கஸகஸ்தானிலும் வாழ்கிறார்கள். சீன மொழியின் ஒரு கிளையைப் பேசுகிறார்கள். கிர்கிஸ்தானின் கரகோல் நகரில் அவர்கள் 1910-இல் கட்டி முடித்த பள்ளிவாசல், சீனக் கோயிலின் கூரை வளைவோடு, முழுதும் மரத்தால் ஆனது. அந்நகரத்துச் சந்தையில் அவர்களுடைய பண்டம் ஒன்று பேர்பெற்றது. அஷ்லியான்ஃபூ என்பார்கள். குளிர்ந்த மாவு இழைகளும் கஞ்சிப் பசைத் துண்டுகளும் போட்ட கிண்ணத்தில், காடியும் மிளகாயும் கலந்த சாற்றை மேலே ஊற்றித் தருகிறார்கள்.