இன்ஜினுக்கு வடித்ததை வாணலிக்கு விடாதீர்கள்

வடை சுட்டு, பஜ்ஜி சுட்டு, கறுத்துப்போன எண்ணெய். மூன்று வாரம் டிரம்மில் அடங்க விட்டு, துணியில் வடித்து, கடைசியாக ஒரு மைக்ரான் பையில் சொட்டுச் சொட்டாக இறங்கியதை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பாருங்கள். கடுங்காப்பி நிறம் போகாது. ஆனால் துளி கசடு இருக்காது. குடுவைக்குப் பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரியும். கழிவென்று சாக்கடைக்குப் போக வேண்டியதை எரிபொருளாக மாற்றிவிட்டோம் என்ற மகிழ்ச்சி வரும். வரட்டும், அது உழைப்பின் மகிழ்ச்சி. அந்தக் குடுவையைக் கையில் பிடித்திருக்கும் உங்களிடம்தான் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். அதில் ஒரு சொட்டும் இன்னொரு மனிதரின் வயிற்றுக்குப் போக விடாதீர்கள்.

இன்று வீட்டுக் கொல்லையில் இப்படி ஒரு வடிகட்டி அமைப்பது பெரிய காரியமில்லை. பழைய 200 லிட்டர் டிரம் ஒன்று, அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு குழாய், பழைய ஜீன்ஸ் துணி, அதற்குக் கீழே படிப்படியாக நுண்மையாகும் வடிகட்டிப் பைகள். இவ்வளவுதான் சாமான். குழாயை அடியில் வைக்கக் கூடாது. பொரித்த மாவும் உப்பும் தண்ணீரும் அடியில்தான் தங்கும், அவற்றுக்கு மேலே உள்ளதை மட்டும் எடுக்க வேண்டும். வடிப்பதற்கு முன் எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே காய்ச்சினால் இளகி வேகமாக இறங்கும். அவசரப்பட்டுக் கொதிக்க வைக்காதீர்கள். அடியில் கிடக்கும் தண்ணீர் சட்டென்று ஆவியாகி எண்ணெயை மேலே தூக்கி எறியும். என் முன்கையில் உள்ள தழும்பு அப்படி வந்ததுதான்.

தண்ணீர் இருக்கிறதா என்று அறிய ஒரு சின்ன இரும்புக் கரண்டியை நன்றாகச் சூடேற்றி, வடித்த எண்ணெயில் பத்துச் சொட்டு விடுங்கள். படபடவென்று வெடித்தால் டிரம்முக்குத் திரும்பப் போக வேண்டும். சத்தமில்லாமல் பரவிப் புகைந்தால் சரி. இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்களின் ஆயில் இன்ஜின் சீக்கிரமே மெக்கானிக்கின் வாசலில் நிற்கும். பம்பும் நாசிலும் துருப்பிடிக்கும்.

நன்றாக வடித்த எண்ணெயும் டீசல் ஆகிவிடாது. சாதாரண வெப்பத்தில் அது டீசலைவிட ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டி. ஆகவே டீசலில் கிளப்பி, இன்ஜின் சூடான பிறகு எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி டீசலுக்கு வந்து நாசிலைக் கழுவிவிட வேண்டும். பழைய காலத்து இன்ஜின்கள் இதைத் தாங்கும். இப்போது வரும், காமன் ரயில் என்ற எரிபொருள் முறை உள்ள டீசல் வண்டிகளில் ஊற்றிப் பார்க்கவே வேண்டாம். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. தாவர எண்ணெயில் இன்ஜின் ஓடுவது புதுமை இல்லை. புதிதாக வந்திருப்பது வேறு. வடிகட்டும் வித்தை இன்று ஆளுக்கு ஆள் கைக்கு வந்துவிட்டது. என் பயம் அதைப் பற்றியதுதான்.

வடிகட்டி எதை எடுக்கிறது? எண்ணெயில் மிதக்கும் துகளை எடுக்கிறது. எதை விட்டுவிடுகிறது? எண்ணெயில் கரைந்திருக்கும் அத்தனையையும் விட்டுவிடுகிறது. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது, காற்றும் மாவின் ஈரமும் சேர்ந்து அதைச் சிதைத்துப் புதுப்புதுச் சேர்மங்களை உண்டாக்குகின்றன. துருவச் சேர்மங்கள் என்று அவற்றைச் சொல்கிறார்கள். ஒரு மைக்ரான் துளை அவற்றுக்குக் கோயில் கோபுர வாசல் மாதிரி, தாராளமாக நுழைந்து வெளியே வரும். இந்தச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வரம்பு வைத்தது. 2018 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இரத்தக் கொதிப்பு, இரத்தக்குழாய் அடைப்பு, ஈரல் நோய் எல்லாவற்றோடும் இந்தச் சேர்மங்களை ஆணையம் தொடர்புபடுத்துகிறது.

வடிகட்டாத பழைய எண்ணெயைப் பார்த்தால் யாருக்கும் முகம் சுளிக்கும். கறுப்பும் நாற்றமும் நுரையும் "என்னைத் தொடாதே" என்று தானே சொல்லிவிடும். நாம் வடிகட்டி என்ன செய்கிறோம்? நஞ்சை அப்படியே வைத்துவிட்டு எச்சரிக்கையை மட்டும் எடுத்துவிடுகிறோம். கசடு போனதும் அது விற்கக்கூடிய சரக்காகத் தெரிகிறது. புது எண்ணெயில் பாதிக்குப் பாதி கலந்தால் நிறமும் மறைந்துவிடும்.

அப்போதுதான் ஒருவர் வருவார். சைக்கிளிலோ, மினி வேனிலோ, இரண்டு காலி டின்னோடு. "டீசலுக்கா ஊத்தப் போறீங்க? அதுல என்ன மிச்சம் வரும் அண்ணே? நான் கிலோவுக்கு நல்ல விலை தரேன்" என்பார். எங்கே கொண்டு போகிறார் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். கேட்டால் பதில் தெரிந்துவிடும், தெரிந்தால் விற்க முடியாது. பேருந்து நிலையத்து ஓரத்தில் மசால் வடை பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று வாங்கித் தின்னும் கட்டடத் தொழிலாளியின் தட்டில் அது போய் விழும். பள்ளி விட்டதும் போண்டா வாங்கித் தின்னும் பிள்ளையின் கையில் போய் விழும். ஒருவேளை அது உங்கள் பிள்ளையாகவே இருக்கலாம்.

இது கற்பனைப் பயம் என்று நினைப்பவர்கள் ஸ்பெயினைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலைப் பயனுக்கென்று இறக்குமதியான ரேப்சீடு எண்ணெயில், யாரும் உண்ணக் கூடாது என்பதற்காகவே அனிலின் என்ற ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். பேராசை பிடித்த சிலர் அதை மறுபடி சுத்திகரித்து, லேபிள் இல்லாத 5 லிட்டர் கேன்களில் அடைத்து, ஆலிவ் எண்ணெய் என்று தெருத்தெருவாக விற்றார்கள். 1981இல் நோய் வெடித்தது. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் பாதிக்கப்பட்டார்கள், முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் மலிவு விலைக்கு ஏங்கிய தொழிலாளர் குடும்பத்தினர். அதற்கு முன்பு, 1959இல் மொராக்கோவில், ஜெட் விமான இன்ஜின் எண்ணெயைச் சமையல் எண்ணெயில் கலந்து விற்றதில் சுமார் பத்தாயிரம் பேரின் கைகால்கள் செயலிழந்தன. இரண்டு இடத்திலும் எண்ணெய் பார்க்க எண்ணெய் போலத்தான் இருந்தது.

அனிலின் கலந்தும் ஸ்பெயினில் காக்க முடியவில்லை. இருந்தாலும் நம் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்தே ஆக வேண்டும். வடித்த அன்றே, வடித்ததைப் பிடித்த பாத்திரத்திலேயே, பத்து லிட்டருக்கு ஒரு லிட்டர் வீதம் டீசலைக் கலந்துவிடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கேன் கூடத் தனியாக நிற்கக் கூடாது. டீசல் வாடை ஏறிய எண்ணெயை வாங்கச் சமையல் வியாபாரி வர மாட்டார், இளகியும் கொடுக்கும். கேன்களுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடியுங்கள். குடிக்கும் தண்ணீர், சமையல் எண்ணெய் வைத்த கேன்களை இதற்கு ஒருபோதும் எடுக்காதீர்கள். வீட்டில் வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கூப்பிட்டுக் காட்டிச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எண்ணெய் துடைத்த துணிகளை மூலையில் குவித்து வைக்காதீர்கள். குவியலுக்குள் சூடு ஏறி, யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள். அடுத்தது மெத்தனால். எண்ணெயைப் பயோடீசலாக மாற்றலாம் என்று காணொளியில் பார்த்துவிட்டு வீட்டில் அதை வாங்கி வைக்கத் துணியாதீர்கள். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது, உள்ளே போனால் கண் போகும், உயிர் போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அந்த மெத்தனால்தான். பயோடீசலை அதற்கென்று உரிமம் பெற்ற ஆலைகள் செய்துகொள்ளட்டும். கடைகளில் மிஞ்சும் எண்ணெயைச் சேகரித்து அந்த ஆலைகளுக்கு அனுப்பத்தான் 2018 ஆகஸ்ட் 10 அன்று ரூகோ திட்டம் தொடங்கப்பட்டது. யாரிடம் கொடுப்பது என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள்.

கடைக்கார அண்ணன்மார்களே, அக்காமார்களே, உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெயில் பொரிக்கும் பெரிய கடைகள் எண்ணெய்க்குக் கணக்கு எழுதியே ஆக வேண்டும் என்று 2019 மார்ச் 1 முதல் விதி இருக்கிறது. தள்ளுவண்டிக்கு அந்த விதி இல்லை, நம்பிக்கை ஒன்றுதான் உண்டு. நேற்றைய எண்ணெயின் மேல் இன்றைய எண்ணெயை ஊற்றாதீர்கள். இன்று ராத்திரி அடுப்பை அணைத்ததும் சட்டியில் மிஞ்சியதை ஆறவிட்டு, மூடி போட்ட தனி டின்னில் ஊற்றுங்கள். அந்த டின்னைக் கேட்டு யார் வந்தாலும் முதலில் எங்கே போகிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வெறும் டின்னோடு திருப்பி அனுப்புங்கள்.